வீணைத் தண்டியும் மின் கிதார் கழுத்தும்: சிறு பிழைகளைத் திருத்தும் கலையின் வரலாறு

நரம்பிசைக் கருவிகளில் விரல் ஓடும் நீண்ட பகுதி வீணையில் தண்டி என்றும் கிதாரில் கழுத்து என்றும் வழங்கப்படுகிறது. சுரத்தானங்கள் இப்பகுதியில்தான் அமைகின்றன. ஆகவே இதைச் செய்யும்போது நேரும் அரை மில்லிமீட்டர் பிழையும் இசையில் கேட்டுவிடும். கருவி செய்வோர் இப்பிழைகளை எப்படிக் கண்டறிந்தார்கள், எந்த இடத்தில் திருத்தினார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். வீணை, திருத்தத்தைக் கருவியின் உறுப்பாகவே வைத்துக்கொண்டது. கிதார் அளவுகளை நிலைப்படுத்திவிட்டு, திருத்தத்திற்கென்று சில இடங்களை மட்டும் ஒதுக்கியது. இந்த இரு வழிகளும் அருகருகே காணக் கிடைக்கும் வட்டாரங்களுள் புதுச்சேரியும் ஒன்று. வீணைக்கு உரிய பலாமரம் விளையும் பண்ருட்டி நகரின் தென்மேற்கே இருக்கிறது. கையால் கிதார் செய்யும் வேலை வடக்கே ஆரோவில்லில் நடக்கிறது.

பிழை பிறக்கும் இடம்

பழந்தமிழரின் யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்தை மட்டுமே ஒலித்தது. சுரம் பிசகினால் அந்த நரம்பை முறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்துவிடலாம். தண்டியுள்ள கருவியில் நிலைமை வேறு. ஒரே தந்தியிலிருந்து பல சுரங்கள் பிறக்கின்றன. தந்தியைச் சரியாகச் சுருதி கூட்டிய பிறகும், மெட்டு இருக்கும் இடம் தவறானால் அந்த ஒரு சுரம் மட்டும் பிசகி நிற்கும். முறுக்காணியைத் திருகி அதைத் திருத்த முடியாது. திருகினால் மற்ற சுரங்கள் எல்லாம் கெடும்.

பிழையின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மின் கிதார்களில் பரவலாக உள்ள தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். கிதாரின் மெட்டு ஃபிரெட் எனப்படும். முதல் ஃபிரெட் அரை மில்லிமீட்டர் விலகினால் சுரம் ஏறக்குறைய 1.4 சென்ட் மாறும். ஓர் அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்கே ஒரு சென்ட். அதே விலகல் 22ஆவது ஃபிரெட்டில் நேர்ந்தால் மாற்றம் ஏறக்குறைய 4.8 சென்ட் ஆகும். தந்தியின் ஒலிக்கும் பகுதி குறையக் குறைய, அதே அளவுப் பிழையின் விளைவு பெருகுகிறது. மேல்சுரங்களை நோக்கிப் போகப்போகக் கைவினைஞரின் கவனமும் கூட வேண்டியிருப்பது இதனால்தான்.

தமிழ் நூல்களில் கருவிக் குற்றங்கள்

கருவியின் குற்றத்தை ஆராய்வது தமிழ் மரபுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை யாழிசையில் நீக்க வேண்டிய நான்கு குற்றங்களைக் குறிக்கிறது. அவை செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்பன. பண்ணோடு இசையாமை செம்பகை. அளவு மீறி ஒலித்தல் ஆர்ப்பு. ஒலி எழாமல் மழுங்குதல் கூடம். சிதறி நடுங்குதல் அதிர்வு. உரையாசிரியர்கள் இக்குற்றங்களை மரத்தின் குறைகளோடு தொடர்புபடுத்தினர். நீரில் நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடி விழுந்த மரம் ஆகியவை இசைக்கருவிக்கு ஆகாதவை என்றனர்.

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப்போட்டிக்கு வரும் சீவகன், தன்முன் வைத்த யாழ்களை வாசிப்பதற்கு முன்பே சோதிக்கிறான். மரத்திலும் நரம்பிலும் உள்ள குறைகளை எடுத்துச் சொல்லி அவற்றை ஒதுக்குகிறான். வாசிப்பவனும் கருவியின் மரம் அறிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கே தெரிகிறது.

இந்த நான்கு குற்றங்களும் இன்றைய கிதார் பட்டறைக்கும் பொருந்துகின்றன. ஃபிரெட் இடம் தவறினால் சுரம் பிசகும். ஒரு ஃபிரெட் அடுத்ததைவிட உயர்ந்திருந்தால் தந்தி அதில் உரசி அதிரும். ஃபிரெட் பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் ஒலி மழுங்கிப்போகும்.

மேளம்: மெழுகில் அமைந்த திருத்தம்

வீணையில் மெட்டுகளின் வரிசை அமைப்புக்கு மேளம் என்று பெயர். ராகங்களை வகைப்படுத்தும் மேளம் என்ற சொல்லும் இதுவே. தண்டியின் மீது மெட்டுகளை அடுக்கும் வேலையும் ராகங்களை வகுக்கும் சிந்தனையும் சேர்ந்தே வளர்ந்தன என்பதற்கு இச்சொல்லே சான்று. விசயநகரத்தில் இராமாமாத்யர் 1550இல் எழுதிய சுரமேள கலாநிதி, வீணைகளை மெட்டு அமைப்பின்படி பிரித்தது. ஒரு ராகத்துக்கு மட்டும் உரியபடி மெட்டுகளை வைத்த வீணை ஏகராக மேள வீணை. எல்லா ராகங்களும் வாசிக்கும்படி வைத்தது சர்வராக மேள வீணை. முன்னதில் ராகம் மாறும்போது மெட்டையும் நகர்த்த வேண்டும்.

இன்றைய தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டு அமைப்பு, தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. ஒரு தானத்துக்கு 12 ஆக இரண்டு தானங்களுக்கு 24 மெட்டுகள். அதன்பின் ராகத்துக்கு ராகம் மெட்டை நகர்த்தத் தேவையில்லாமல் போயிற்று. வேங்கடமகி சதுர்தண்டி பிரகாசிகையில் 72 மேளங்களை வகுத்ததும் தஞ்சை நாயக்கர் அவையில்தான்.

மெட்டுகள் நிலையான இடத்துக்கு வந்தன. ஆனால் மரத்தில் அறையப்படவில்லை. தண்டியின் இரு ஓரங்களிலும் வரம்பு கட்டியதுபோல் மெழுகு வைக்கப்படுகிறது. தேன்மெழுகுடன் கரித்தூள் முதலியவற்றைச் சேர்த்துப் பிசைந்த கருமெழுகு இது. பித்தளை அல்லது வெண்கல மெட்டுகள் இவ்விரு வரம்புகளின் மேல் குறுக்கே படிய வைக்கப்படுகின்றன. சூடுகாட்டினால் மெழுகு இளகும். மெட்டை முன்னோ பின்னோ தள்ளலாம், மேலே தூக்கலாம், அழுத்தித் தாழ்த்தலாம். ஆறினால் அது இறுகிவிடும்.

இவ்வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். அளவுகோலைவிடச் செவியே இதில் முதன்மையானது. தந்தியைத் திறந்து மீட்டிய ஒலியோடும், அடுத்த தந்தியின் பஞ்சமத்தோடும் ஒப்பிட்டு ஒவ்வொரு சுரமும் நிறுத்தப்படுகிறது. விரலால் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரம் சற்றே கூடும். தந்தியின் தடிமனைப் பொறுத்தும், அது மெட்டுக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தும் இந்த ஏற்றம் வேறுபடும். மேளம் கட்டுபவர் தந்தியை அழுத்தியே கேட்பதால், இந்த ஏற்றத்தையும் மெட்டின் இடத்திலேயே சேர்த்துத் திருத்திவிடுகிறார். கணக்கில் தனியாகக் கழிக்க வேண்டியதை அவருடைய விரலும் காதும் ஒரே நேரத்தில் கழித்துவிடுகின்றன.

இந்த வசதிக்கு விலையும் உண்டு. நாளடைவில் மெழுகு காய்ந்து வெடிக்கும். தந்தி உரசிய இடத்தில் மெட்டு தேய்ந்து பள்ளம் விழும். சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய வண்டிக்குள் வீணையை விட்டால் மெழுகு இளகி மெட்டுகள் சாயும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைப் பிரித்து மீண்டும் கட்ட வேண்டியிருக்கிறது.

பலாமரமும் ஒட்டும்

வீணை செய்யப் பலாமரம் பயன்படுகிறது. கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி வட்டாரம் இம்மரத்துக்குப் பெயர்பெற்றது. குடம், தண்டி, யாளிமுகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஒரே மரத்துண்டில் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. ஏகாண்ட வீணை மதிப்பு மிக்கது. ஆனால் அதில் தண்டி செதுக்கும்போது உளி தவறி ஆழமாக இறங்கினால் முழு மரமும் வீணாகக்கூடும். ஒட்டு வீணையில் தண்டியை மட்டும் மாற்றினால் போதும். ஒட்டு என்பது செலவைக் குறைக்கும் வழி மட்டுமல்ல. பிழை ஓர் உறுப்பைத் தாண்டிப் பரவாமல் நிறுத்தும் தடுப்பும் ஆகும்.

இதே கேள்விக்கு அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1950இல் விடை சொன்னார். அவ்வாண்டு அவருடைய நிறுவனம் வெளியிட்ட மின் கிதாரில் கழுத்து ஒட்டப்படவில்லை. உடலோடு திருகாணிகளால் முடுக்கப்பட்டது. கழுத்து கெட்டால் திருகைக் கழற்றி வேறு கழுத்தை மாட்டலாம்.

கிதார் கழுத்தின் கணக்கு

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் மெட்டுகள் நகரக்கூடியவையாகவே இருந்தன. லூட் போன்ற கருவிகளில் குடல்நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி மெட்டாக்கினர். வட இந்திய சிதாரில் இன்றும் மெட்டுகள் நூலால் கட்டப்படுகின்றன. கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581இல் எழுதிய இசை நூலில் மெட்டு வைக்க எளிய விதி ஒன்றைத் தந்தார். மீதமுள்ள தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 18ஆல் வகுத்து, அந்தத் தொலைவில் அடுத்த மெட்டை வைக்க வேண்டும் என்பது அவ்விதி.

இவ்விதியில் ஒரு சிறு பிழை உண்டு. 648 மில்லிமீட்டர் தந்தியில் 12ஆவது மெட்டு சரிபாதியான 324இல் விழ வேண்டும். 18ஆல் வகுக்கும் முறையில் அது ஏறக்குறைய 321.6இல் விழுகிறது, சுரம் 12 சென்டுக்கு மேல் தாழ்கிறது. ஆனால் தந்தியை அழுத்தும்போது சுரம் கூடுவதால், இந்தத் தாழ்வின் ஒரு பகுதி தானே ஈடாகிவிட்டது. இன்றைய கிதார்களில் வகுக்கும் எண் 17.817. இதன்படி 12ஆவது ஃபிரெட் சரிபாதியில் விழும். அழுத்தத்தால் வரும் ஏற்றத்தை ஈடுகட்ட, பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் தங்கும் இடத்தைச் சற்றுப் பின்தள்ளுகிறார்கள். வீணையில் மெட்டிலேயே நடக்கும் திருத்தம் கிதாரில் தந்தியின் மறுமுனைக்குப் போய்விட்டது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிதார்கள் நிலையான உலோக ஃபிரெட்டுகளுக்கு மாறின. பின்னர் எஃகுத் தந்திகள் வந்தபோது அவற்றின் இழுவையில் கழுத்து வளையத் தொடங்கியது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹ்யூ, கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பியைப் பதித்து, அதைத் திருகி வளைவைத் திருத்தும் முறைக்கு 1923இல் காப்புரிமை பெற்றார். டிரஸ் ராட் எனப்படும் இக்கம்பி இன்று மின் கிதார் கழுத்தின் இன்றியமையாத உறுப்பு. ஃபெண்டர் தம் முதல் கிதார்களை இக்கம்பி இல்லாமலே செய்தார். கழுத்துகள் வளைந்ததால் விரைவிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார். கழுத்தின் பின்புறத்தில் பள்ளம் வெட்டிக் கம்பியை இறக்கி, கருநிற மரத்துண்டால் மூடினார். அந்தக் கருங்கோடு பின்னர் அவருடைய கிதார்களின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

கழுத்து செய்கையில் நேரும் பிழைகளும் திருத்தங்களும்

ஃபிரெட் பள்ளம் இடம் மாறுதல்: விரற்பலகையில் ஃபிரெட்டுக்கான பள்ளம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் அகலம் மட்டுமே இருக்கும். தவறான இடத்தில் அறுத்துவிட்டால், அதே மரத்திலிருந்து சீவிய மெல்லிய தகட்டைப் பசையிட்டுச் செருகி, காய்ந்தபின் சமமாக இழைத்து, சரியான இடத்தில் மீண்டும் அறுப்பார்கள். மரத்தூளும் பசையும் கலந்து நிரப்பலாம். ஆனால் புதிய பள்ளம் பழையதன் விளிம்பிலேயே விழுமானால் தூள் நிரப்பல் பிடிக்காது. மரத்தகடுதான் தாங்கும். பள்ளங்கள் எல்லாமே ஒரு கணக்குப் பிழையால் தவறியிருந்தால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை, விரற்பலகையையே மாற்றுவார்கள்.

பள்ளம் அகலமாதல்: ரம்பம் ஆடினால் பள்ளம் அகன்று ஃபிரெட் தளரும். ஃபிரெட்டின் அடித்தண்டைச் சற்று நசுக்கி அகலப்படுத்தியோ, பசை விட்டு அழுத்திப் பிடித்தோ இதைச் சரிசெய்வார்கள்.

ஃபிரெட் உயர்தல்: நேர்விளிம்புள்ள குறுகிய உலோகப் பட்டையை மூன்று ஃபிரெட்டுகளின் மேல் வைத்தால், நடுவிலுள்ளது உயர்ந்திருக்கும்போது பட்டை ஆடும். முதலில் அந்த ஃபிரெட் பள்ளத்தில் முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, தட்டி இறக்குவார்கள். அப்போதும் உயர்ந்திருந்தால் மட்டுமே அரத்தால் தேய்த்து, தலையை மீண்டும் உருட்டுவார்கள். தேய்த்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் இந்த வரிசை முக்கியமானது.

நட் ஆழமாதல்: தந்தி தலைப்பகுதியில் தங்கும் சிறு துண்டு நட். அதன் பள்ளம் ஆழமானால் திறந்த தந்தி முதல் ஃபிரெட்டில் உரசும். எலும்புத்தூளையும் பசையையும் கலந்து நிரப்பி மீண்டும் அறுக்கலாம். புதிய நட் செய்வது நெடுநாள் நிற்கும்.

துளை விலகுதல்: முறுக்காணித் துளை தவறினால் அதே மரத்தில் முளை செய்து அடைப்பார்கள். முளையின் மரரேகை கழுத்தின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் ஈரப்பதம் மாறும்போது இரண்டும் வேறுவேறு அளவில் விரிந்து, அடைத்த இடம் மேற்பூச்சின் வழியே தெரியும்.

கோணம் பிசகுதல்: கழுத்து உடலோடு சேரும் கோணம் சற்றுத் தவறினால் தந்தி மிக உயரத்தில் நிற்கும். திருகிய கழுத்தில், பொருந்தும் குழியில் ஒரு மெல்லிய தக்கை வைத்தால் போதும். ஒட்டிய கழுத்தில் ஒட்டையே பிரிக்க வேண்டியிருக்கும்.

இத்திருத்தங்கள் அனைத்திலும் ஒரு பொதுவிதி உண்டு. மரத்தை எடுப்பதற்கு முன் சேர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் பிழையின் காரணத்தைக் கண்டறிய வேண்டும். டிரஸ் ராட் தளர்ந்ததால் உரசும் தந்திக்காக ஃபிரெட்டை அரத்தால் தேய்த்தால், ஒரு பிழை இரண்டாகிவிடும்.

கடற்கரை நகரமும் மரமும்

புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் உறிஞ்சிக் குறுக்கே விரிகிறது. அக்கருவி குளிரூட்டிய அறைக்கோ வறண்ட ஊருக்கோ போனால் மரம் சுருங்க, ஃபிரெட் முனைகள் ஓரங்களில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். இங்கே கழுத்து செய்பவர் நன்றாக உலர்ந்த மரத்தைத் தேர்வதும், செதுக்கியபின் சில நாள் விட்டுவைத்து அது எப்படி வளைகிறது என்று பார்ப்பதும் தேவையாகின்றன. உலகெங்கும் கிதார் விரற்பலகைக்குப் பயன்படும் மரங்களுள் தோதகத்தி எனப்படும் இந்திய ஈட்டி மரமும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் இதன் இனம் முழுவதும் 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. மரம் அரிதாகும்போது, தவறிய பலகையைத் தூக்கியெறியாமல் திருத்தும் திறனுக்கு மதிப்புக் கூடுகிறது.

எது பிழை என்ற கேள்வி

புதுச்சேரிக்கு இப்பொருளோடு அறிவுத்துறைத் தொடர்பும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நகரம் 1954 நவம்பர் 1இல் கைமாறியபின், 1955இல் இங்கே பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. காசியில் வீணை பயின்ற பிரெஞ்சு இசை ஆய்வாளர் அலேன் டேனியலூ, 1950களின் பிற்பகுதியில் இந்நிறுவனத்தில் பணியாற்றினார். புராணங்களில் உள்ள இசைக்கோட்பாட்டுப் பகுதிகளை என். ஆர். பட்டுடன் சேர்ந்து 1959இல் பதிப்பித்தார். ஒரு தானத்தை 12 சமபங்காகப் பிரிக்கும் மேலை முறையை அவர் தொடர்ந்து குறைகூறி வந்தார்.

அக்குறை கிதார் கழுத்துக்கு நேரடியாகப் பொருந்தும். தந்தி நீளத்தை 5:4 என்ற விகிதத்தில் பிரித்தால் கிடைக்கும் அந்தர காந்தாரம் 386 சென்ட். கிதாரின் நான்காவது ஃபிரெட் தருவது 400 சென்ட். ஒரு கழுத்தை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் இந்த 14 சென்ட் வேறுபாடு நீங்காது. எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் எல்லா அளவைகளும் ஒரே தரத்தில் ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஏற்றுக்கொண்ட விட்டுக்கொடுப்பு அது. ஆதார சட்சமம் மாறாத கருநாடக இசைக்கு அந்தத் தேவை இல்லை. ஆகவே வீணையில் மேளம் கட்டுபவர் காந்தாரத்தைத் தம் செவி கேட்கும் இடத்துக்கே தள்ள முடிகிறது.

வீணையைப் பார்த்த கிதார்

வீணையின் மெட்டுகள் மெழுகு வரம்பின்மேல் உயர்ந்து நிற்பதால், விரலுக்கும் தண்டிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. விரல் மரத்தில் உரசாமல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வாசிக்க முடிகிறது. ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்ளின், அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், டி. எச். விநாயக்ராம் ஆகியோருடன் அவர் நடத்திய சக்தி குழுவுக்காக ஒரு தனிக் கிதார் செய்யப்பட்டது. அதன் ஃபிரெட்டுகளுக்கு இடையே மரம் குழியாகக் குடையப்பட்டிருந்தது. வீணையில் மெட்டை உயர்த்திப் பெற்ற இடைவெளியை, இங்கே மரத்தைத் தாழ்த்திப் பெற்றார்கள். தமிழகத்தில் சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின் கிதாரையும், யூ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினையும் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தனர். நிலையான ஃபிரெட் தராத சுரங்களை அவர்கள் தந்தியை இழுத்தும் வழுக்கியும் பெற்றனர். கழுத்தில் இல்லாத திருத்தத்தை விரல் செய்தது.

இன்றைய நிலை

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு பெயரைக் காக்கும். மேளம் கட்டும் செவியைக் காக்க அது மட்டும் போதாது. குடம் குடைவதற்கும் தண்டி இழைப்பதற்கும் பொறிகள் உதவலாம். மெழுகை இளக்கி, தந்தியை அழுத்தி, கேட்டு, மெட்டைத் தள்ளும் வேலை ஆளிடமிருந்து ஆளுக்கு மட்டுமே போய்ச்சேரும். மெழுகுக்குப் பதில் உறுதியான பலகையில் மெட்டுகளைப் பொருத்திய மின்னணு வீணைகளும் இப்போது வந்துள்ளன. பயணத்துக்கும் வெயிலுக்கும் அவை தாங்குகின்றன. மேளம் கட்டுபவரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

மறுபுறம், வீட்டிலேயே கிதார் கழுத்து செய்து பார்க்கும் இளைஞர் ஃபிரெட் இடங்களைக் கணினியில் கணக்கிட்டு, மின்னணுச் சுருதிக்கருவியில் சரிபார்க்கிறார். பள்ளம் தவறினால் மரத்தகடு செருகுகிறார். அவர் கண்ணால் காண்பதை மேளம் கட்டுபவர் காதால் கேட்கிறார். இருவரும் செய்வது ஒரே வேலைதான். பிழை நேராமல் கருவி செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அதைத் திருத்த ஓர் இடம் விட்டுவைப்பதே இரு மரபுகளுக்கும் பொதுவான அறிவு. வீணையில் அந்த இடம் ஒவ்வொரு மெட்டின் அடியிலும் மெழுகாக இருக்கிறது. மேளம் கட்டத் தெரிந்தவர் இருக்கும்வரைதான் அந்த மெழுகுக்குப் பொருள் உண்டு.